கேள்விக்குறியாய்ப் போன எழுத்துகள்



கேரள மாநிலத்தின் கிழக்கு எல்லையை உங்களிற் பலர் ரயிலிலோ பேருந்திலோ கடந்திருக்கக்கூடும். வடக்கே வாளையாறு, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். தெற்கே சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. இச்சாவடிகளுக்கு மேற்கே இறங்கியவுடன் தமிழ் நின்றுவிடுவதில்லை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலை மலைகளிலும் தமிழே தாய்மொழியாக வாழ்வோர் பெருந்தொகையினர். சித்தூர் பண்டு கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்தபோது இவை கேரளத்தில் அமைந்தன. தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வகை செய்திருக்கிறது. வேற்று மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு தமிழைப் பேணும் நமக்கு இவர்கள் நிலை நன்கு விளங்கும்.

இன்று நாம் பேசப் புகுவது இவர்களுடைய அரசியலைப் பற்றியோ தேயிலையைப் பற்றியோ அன்று. இவ்வூர்களில் பிறந்து, கணிப்பொறித் தொழில் பயின்று, பெங்களூரிலும் கொச்சியிலும் கோவையிலும் பணிபுரியும் இளைஞர் பலர், இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்களில் நேரும் கோளாறுகளைத் தீர்ப்பதில் ஒருவருக்கொருவர் செய்துவரும் உதவியைப் பற்றியது. நாம் கலைப்பட்டம் பெற்றவர். நடுவணரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர். கணிப்பொறியை முறையாகப் பயின்றோம் அல்லோம். ஆயினும் எழுத்தோடு நாள்தோறும் பழகுகிறவர் என்ற உரிமையில் இதைப் பற்றிச் சில சொல்ல இயலும். ஏனெனில் இக்கோளாறுகளிற் பெரும்பகுதி எழுத்தைப் பற்றியதேயாகும்.

முதலில் சர்வர் என்னும் சொல். தமிழ்நாட்டில் இச்சொல்லைச் சொன்னால் உணவு விடுதியில் இலையருகே வந்து நிற்பவரே நினைவுக்கு வருவார். 1964இல் நாகேஷ் நடித்து வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தை மறந்தவர் யார்? கணிப்பொறிச் சர்வரும் ஏறத்தாழ அத்தொழிலையே செய்கிறது. நாம் நம் வீட்டில் அமர்ந்து ஒரு பக்கம் வேண்டும் என்கிறோம். எங்கோ தொலைவிலுள்ள சர்வர் அதைக் கொண்டுவந்து வைக்கிறது. ஆனால் தோசை முன்கூட்டியே வார்த்து வைக்கப்பட்டதன்று. கேட்டவுடன் சமையற்கட்டில் ஒருவர் மாவை ஊற்றுகிறார். அதுபோலவே, கேட்டவர் யார், அவருக்குரிய செய்தி யாது என்று பார்த்து, பதிவேட்டிலிருந்து எடுத்துக் கோத்து, பக்கத்தை அந்தக் கணத்திலேயே சமைத்துத் தருவது சர்வரில் இருக்கும் நிரல். தேர்வு முடிவு, ரயில் முன்பதிவு, நூலகப் பட்டியல் யாவும் இவ்வாறே வருகின்றன.

இத்தகைய நிரல்களை எழுதும் மொழிகளுள் பரவலாக வழங்குவது பிஎச்பி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994இல் தம் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய சிறு கருவிகளை 1995இல் யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டார். பின்னர் சீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் என்னும் இருவர் அதைத் திருத்தி எழுத, 1998இல் மூன்றாம் பதிப்பு வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இம்மொழியில் எழுதப்பட்டதே. கேரளத்துப் பள்ளிகளின் வரலாற்றைத் தொகுக்க 2009இல் தொடங்கிய 'ஸ்கூல் விக்கி'யும் அதே மீடியாவிக்கியின்மேல்தான் நடக்கிறது. மூணாற்றில் உள்ள பள்ளியாயினும் சித்தூரில் உள்ள பள்ளியாயினும் அப்பக்கத்தைச் சமைப்பது பிஎச்பி.

சமையற்கட்டில் கோளாறு நேர்ந்தால் உண்ண வந்தவருக்கு என்ன தெரியும்? இலை வெறுமையாகவே இருக்கும். பிஎச்பி நிரலில் பிழை நேரும்போதும் பல இடங்களில் இதுவே நிகழ்கிறது: திரை வெள்ளையாக நிற்கும், ஒரு சொல்லும் இராது. அயலார் கண்ணில் உள்விவரம் படலாகாது என்று பிழைச் செய்திகளை வெளிக்காட்டாமல் நிறுத்திவைப்பது முறையான ஏற்பாடுதான். எனினும் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் அவ்வெள்ளைத் திரையைப் பார்த்துக் கலங்குவர். அனுபவமுள்ளவர் முதலில் கேட்பது, "பிழைப் பதிவேட்டைப் பார்த்தாயா?" என்பதே. திரையில் மறைக்கப்பட்ட செய்தி சர்வரின் பதிவேட்டில் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் எழுதப்பட்டிருக்கும். அதை எடுத்து வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழில் எழுதுவோருக்கென்றே அமைந்தாற்போன்ற கோளாறு ஒன்று நெடுநாள் இருந்தது. அதைச் சற்று விரித்துச் சொல்கிறோம். சர்வர் அனுப்பும் விடையில் முதலில் முகவரிக் குறிப்புகள் செல்லும்; அதன் பின்னரே பக்கத்தின் உள்ளடக்கம் செல்லும். உள்ளடக்கம் ஓர் எழுத்தேனும் புறப்பட்டுவிட்டால், பிறகு முகவரிக் குறிப்பு அனுப்ப இயலாது. தபாற்பெட்டியில் உறையைப் போட்டபின் அதன்மேல் விலாசம் எழுதுவதற்கு எங்கே வழி? இனி, தமிழெழுத்தைக் கோப்பில் வைக்க வேண்டுமாயின் அதை யூடிஎஃப்-8 என்னும் முறையில் சேமிக்க வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியின் நோட்பேட் அவ்வாறு சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குப் புலப்படாத மூன்று பைட்டுகளைத் தானாகவே சேர்த்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. ஆகவே அவருக்கு இத்தொல்லை அரிது. தமிழரோ மலையாளியோ எழுதிய கோப்பில் அம்மூன்று பைட்டுகள் முந்திக்கொண்டு ஓடிவிடும். உள்நுழைவுக்குரிய குறிப்பை அனுப்ப முடியாமல் நிரல் நின்றுவிடும். நிரலை வரிவரியாகப் படித்தாலும் பிழை அகப்படாது. பிழை நிரலில் இல்லையே! இதை ஒருமுறை பட்டு அறிந்தவர் மற்றவருக்கு ஒரே வரியில் தீர்த்துவைப்பார். அறியாதவர் இரவு முழுதும் விழித்திருப்பார். 2019இல் வந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து நோட்பேட் அம்மூன்று பைட்டுகளைத் தானாகச் சேர்ப்பதில்லை. ஆயினும் பழைய கோப்புகள் இன்னும் உலவுகின்றன.

யூடிஎஃப்-8 என்றோம். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த இம்முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இதில் எழுத்து எத்தனை? த, மி, ழ் என்று மூன்றெனப் பள்ளிப்பிள்ளை சொல்லும். யூனிகோட் கணக்கில் ஐந்து. மகரம் வேறு, இகரக் குறி வேறு, ழகரம் வேறு, புள்ளி வேறு. பிஎச்பியின் பழைய அளவுகோலைக் கேட்டால் பதினைந்து என்னும். மூன்றும் அவ்வவற்றின் கணக்கில் சரியே. மூன்று விடைகளைத் தரும் மூன்று கட்டளைகளும் பிஎச்பியில் உண்டு. எதை எங்கே கையாள்வது என்பதிலேதான் சங்கடம்.

கொழிஞ்சாம்பாறை என்னும் ஊர்ப்பெயர் ஏழெழுத்து. யூனிகோட் கணக்கில் பதினான்கு. பைட் கணக்கில் நாற்பத்திரண்டு. பட்டியலில் இடம் குறைவு, முதல் இருபதை மட்டும் காட்டுக என்று ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு எழுதிய நிரல், இருபதாம் பைட்டில் வெட்டும். 'கொழிஞ்' என்பதுவரை நன்றாக வரும். அடுத்துள்ள சகரத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் தொங்கும். திரையில் கறுப்புக் கட்டத்துள் ஒரு கேள்விக்குறி தோன்றும். ஊரின் பெயரைக் கொன்றது நிரலை எழுதியவரின் அளவுகோல். பாலக்காட்டு எல்லையில் பிறந்த பிள்ளைகள் தம் ஊர்ப்பெயரையே சோதனைச் சொல்லாக இட்டுப் பார்ப்பதுண்டு என்று அவர்களுள் ஒருவர் நம்மிடம் சொன்னார். நல்ல வழக்கம்.

இனி நமக்கு நேரே தெரிந்த ஒரு நிகழ்ச்சி. வடநாட்டு நகரம் ஒன்றில் தமிழ்ச் சங்கம் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற தமிழர்கள் ஊர் திரும்பும்போதும், காலமான பின் அவர்கள் மக்களும், கொடுத்துவிட்டுப் போன புத்தகங்களால் நிறைந்தது அதன் நூலகம். அப்புத்தகங்களின் பட்டியலை யாரோ ஒரு நல்லவர் பல ஆண்டுகளுக்கு முன் பிஎச்பியில் எழுதி இணையத்தில் ஏற்றியிருந்தார். நன்கொடையாளர் பெயரும் அதில் உண்டு. சங்கத்தார் செலவைக் குறைக்கப் பட்டியலை வேறொரு சர்வருக்கு மாற்றினர். மறுநாள் தமிழ் முழுவதும் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகக் காட்சியளித்தது. தொண்டர் ஒருவர், போனதைத் திரும்ப எழுதிவிடலாம் என்று எண்ணி, பழைய வரிகளின் மேலேயே புத்தகப் பெயர்களை மீண்டும் தட்டெழுதினார். எழுதிச் சேமித்தவுடன் அவை வெறும் கேள்விக்குறிகளாயின. அவர் மேலும் ஊக்கத்தோடு எழுதினார். சுமார் நூறு வரிகள் இவ்வாறாயின.

செய்தி எவ்வாறோ பெங்களூரில் பணிபுரியும், சித்தூர் வட்டத்து இளைஞர் ஒருவருக்கு எட்டியது. அவர் தமக்குப் பழக்கமான ஓர் ஆசிரியையையும் சேர்த்துக்கொண்டார். அவ்வம்மையார் தேவிகுளம் பக்கத்துக் கல்லூரியில் கணிப்பொறி கற்பிப்பவர். கேரள வழக்கப்படி எல்லோரும் 'டீச்சர்' என்றே அழைக்கின்றனர். தொலைபேசியில் சங்கச் செயலரிடம் அவர் கேட்ட முதற்கேள்வி நம் காதில் இன்னும் இருக்கிறது: "ஐயா, தெரிவது கேள்விக்குறியா, இல்லை புரியாத எழுத்தா?" செயலர் இரண்டும் உண்டு என்றார். "அப்படியானால் இனி ஒருவரும் கை வைக்க வேண்டாம். தம்பி, முதலில் ஒரு நகல் எடுத்து வை" என்றார் டீச்சர்.

இக்கேள்வியின் நுட்பத்தை அவர்கள் பின்னர் நமக்கு விளக்கினர். பட்டியல் இருந்தது மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தில். இது ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்றில் உருவானது. ஆகவே வேறு சொல்லாதவரை எழுத்துகளை லத்தீன் எழுத்தாகக் கொண்டு ஸ்வீடிய அகர வரிசையில் அடுக்குவதே அதன் இயல்பாக இருந்தது. 2018இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் அவ்வியல்பு மாறியது. (நம் திருக்குறளும் கம்பராமாயணமும் ஸ்வீடிய வரிசைக்குத் தலைவணங்கி நின்ற காலத்தை எண்ணினால் சிரிப்பு வருகிறது.) பழைய சர்வரில் நிரலும் தரவுத்தளமும் தமிழ்ப் பைட்டுகளை லத்தீன் என்றே பெயரிட்டுக் கொண்டும் கொடுத்தும் வந்தன. இருவரும் ஒரே பொய்யைச் சொன்னதால் பக்கம் சரியாகவே தெரிந்தது! புதிய சர்வரில் இணைப்பு யூனிகோட் முறைக்கு மாறிவிட்டது. ஒருவர் உண்மை பேசத் தொடங்கியவுடன், மற்றவர் வைத்திருந்த பைட்டுகளை உண்மையிலேயே லத்தீன் என்று கருதி மொழிபெயர்த்துக் காட்டியது. புரியாத எழுத்துகள் வந்தது இதனாலே. அங்கே தமிழ் அழியவில்லை. வேற்று வேடத்தில் ஒளிந்திருக்கிறது.

கேள்விக்குறியோ வேறு கதை. லத்தீன் எழுத்துக்கென்றே அமைந்த கட்டத்தில் மெய்யான தமிழெழுத்தை எழுத முயன்றால், தரவுத்தளம் தன்னிடம் இல்லாத எழுத்துக்கு ஈடாக ஒரு கேள்விக்குறியைப் போட்டுவைக்கும். கண்டிப்பாக அமைக்கப்பட்டிருந்தால் பிழை என்று மறுத்துவிடும். இங்கே அக்கண்டிப்பு நீக்கப்பட்டிருந்தது. கேள்விக்குறியாய்ப் போன எழுத்தை மீட்க எந்த நிரலாலும் இயலாது. ஆகவே புரியாத எழுத்து என்றால் பிழைக்கும் நோயாளி. கேள்விக்குறி என்றால் நாடி நின்றுவிட்டது.

மருத்துவம் எளிது. லத்தீன் என்று குறிக்கப்பட்ட கட்டங்களை முதலில் எம்மொழியுமல்லாத வெறும் பைட் தொகுதியாக மாற்றினர். பிறகு அதே பைட்டுகளை யூனிகோட் என்று அறிவித்தனர். நேரே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியிருந்தால் தரவுத்தளம் மறுபடியும் மொழிபெயர்க்கப் புகுந்து குழப்பத்தை நிலைநாட்டிவிடும். இடையில் ஊமையாக்குவதே உபாயம். நகலின்மேல் செய்து பார்த்து, சரியென்று கண்டபின் மெய்ப்பட்டியலில் செய்தனர். பல்லாயிரம் வரிகள் ஒரு நிமிடத்தில் தமிழாயின. அந்த நூறு வரிகள் மட்டும் கேள்விக்குறிகளாகவே நின்றன. பழைய சர்வரை விட்டு வந்துவிட்டபடியால் அங்கே போய்க் கேட்கவும் வழியில்லை. சங்கத்தின் காகிதப் பதிவேட்டைப் புரட்டி, நாமும் இன்னும் இருவரும் அவற்றை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி முடித்தோம். பதிவேட்டின் ஒரு தாளைக் கரையான் அரித்திருந்தது; அத்தாளில் இருந்த நன்கொடையாளர் பெயர்கள் கிடைக்கவில்லை.

இவ்வுதவிக்கு அவ்விருவரும் ஒரு காசும் பெறவில்லை. அதைப் பெரிதாகப் புகழவும் அவர்கள் இடந்தரவில்லை. தாம் கற்றதெல்லாம் பிறர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தே என்று சொல்லிவிட்டார்கள். பிஎச்பியின் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே, அதைக் கையாண்டு இடறி எழுந்தவர்கள் எழுதிய குறிப்புகள் இடம்பெறுவது வழக்கம். தமிழிலும் 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ் இத்துறையில் பெரும்பணி செய்திருக்கிறது, து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' அதன் வழியாக வந்த நூலே.

எல்லைப்புறத்தாருக்கு இதில் தனித்த தகுதி ஒன்று உண்டு என்பது நம் கருத்து. அவர்கள் இரண்டு மொழி எழுத்தையும் அறிவர். மலையாளத்தில் சில்லு என்னும் எழுத்துகள் உள்ளன. ன், ல், ர் போன்ற ஒலிகளுக்குரிய தனி வடிவங்கள். 2008க்கு முன் இவற்றை மெய்யெழுத்தோடு புலப்படாத இணைப்புக் குறியொன்றைச் சேர்த்தே எழுதிவந்தனர். 2008இல் வந்த யூனிகோட் 5.1 பதிப்பு அவற்றுக்குத் தனிக் குறியீடுகளை வழங்கியது. அன்று முதல் ஒரே சொல் இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டுக் கிடக்கிறது. கண்ணுக்கு ஒன்று, தேடும் நிரலுக்கு இரண்டு. 2002இல் தொடங்கிய சுதந்திர மலையாளக் கணினி இயக்கத்தார் இத்தகைய சிக்கல்களோடு நெடுங்காலம் போராடியவர்கள். தமிழில் 'கொ' என்பதற்கும் அதே விதி. ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகவும் இடலாம். கொம்பை வேறாகவும் காலை வேறாகவும் இடலாம். ஒருவர் ஒருவிதமாக எழுதிய கொழிஞ்சாம்பாறையை மற்றவர் தேடினால் 'அத்தகைய ஊர் இல்லை' என்று விடை வரும். 'கொ'வின் இவ்விரு வடிவங்களையும் சேமிக்கும் முன்னரே ஒரே வடிவுக்குக் கொணரும் கட்டளை பிஎச்பியில் உண்டு; ஆனால் அது மலையாளச் சில்லின் இரு வடிவங்களை ஒன்றாக்காது. மலையாளப் பதிவேட்டில் இத்தகைய இரட்டை வடிவைக் கண்டவர் தமிழ்ப் பதிவேட்டிலும் அதை உடனே இனங்காண்கிறார். தமிழ் மட்டும் அறிந்த நிரலாளர் சென்னையிலிருந்து இதைக் கண்டுபிடிக்கச் சற்றே நாளாகும்.

மற்றுமொரு காரணம் பள்ளி. 2001இல் தொடங்கி, 2017இல் கைட் என்னும் நிறுவனமாக மாறிய கேரள அரசின் ஐடி அட் ஸ்கூல் திட்டம், பள்ளிக் கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருளில் நடத்திவருகிறது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்களும் தோன்றின. நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்பதை இளமையிலேயே கண்ட பிள்ளைகளுக்குக் கேட்பதிலும் சொல்வதிலும் கூச்சம் இராது.

கூச்சம் இராதென்றோம், ஆனால் எவ்வாறு கேட்பது என்பதில் இவர்கள் கண்டிப்பானவர்கள். "என் பக்கம் வேலை செய்யவில்லை, காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் டீச்சர் விடை தரமாட்டார். எந்தப் பதிப்பு, எந்த வரி, பிழைச்செய்தி எழுத்துக்கெழுத்து யாது, நீ எதிர்பார்த்தது என்ன, நேர்ந்தது என்ன என்று கேட்பார். ஆயிரம் வரி நிரலை அப்படியே அனுப்பாதே, அதே பிழை நேரும்படியான பத்து வரியாகச் சுருக்கி அனுப்பு என்பார். பத்து வரியாகச் சுருக்கும்போதே கேட்டவருக்குத் தம் பிழை தெரிந்துவிடுவது பல சமயம் நிகழ்கிறதாம். கடவுச்சொல்லை நீக்காமல் நிரலை அனுப்பியவரிடம் முதலில் அக்கடவுச்சொல்லை மாற்றச் சொல்வார். பிழையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். நம் தொழிலிலும், முன்னும் பின்னும் இல்லாத ஒற்றை வாக்கியத்தை அனுப்பி இதற்குத் தமிழ் என்ன என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. டீச்சரின் விதிகளை அச்சிட்டு அவர்களுக்கு அனுப்பலாமா என்று தோன்றியதுண்டு.

சங்கத்துப் பட்டியல் சரியானபின் இளைஞர் வேறொன்றைக் கண்டார். 'சௌந்தரம்' என்று தேடினால் சிலர் கிடைத்தனர்; சிலர் கிடைக்கவில்லை. கிடைக்காத பெயர்களில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகர எழுத்தும் தட்டெழுதப்பட்டிருந்தன. பார்வைக்கு வேறுபாடே இல்லை. கொம்பை அடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றுமாறு ஒரு நிரல் எழுதிவிடலாமே என்றார் இளைஞர். டீச்சர் தடுத்தார். 'வெளி', 'வெள்ளை', 'தெளிவு' ஆகியவற்றிலும் கொம்பும் ளகரமும் முறையாகவே அடுத்தடுத்து வருகின்றனவே! ளகரத்தின்மேல் புள்ளியோ வேறு குறியோ இல்லாத இடங்களை மட்டும் பிரித்தெடுத்தாலும், கண்ணால் பார்த்துச் சொல்லத் தமிழறிந்த ஒருவர் வேண்டும் என்றார். ஆகவே நிரல் எதையும் மாற்றாமல் ஐயத்திற்குரிய பெயர்களைப் பட்டியலிட்டு மட்டும் தந்தது. அப்பட்டியல் நம்மிடம் வந்தது. சௌந்தரமும் கௌரியும் மௌனகுருவும் அதில் இருந்தனர். சரியானவற்றுக்கு ஒரு கோடும் தவறானவற்றுக்கு ஒரு சுழியும் இட்டு, வெள்ளிக்கிழமை மாலை தேவிகுளத்துக்கு அனுப்பிவைத்தோம்.